நாலாவது கால்

போன வாரம் பட்டறைக்கு வந்திருந்தேன். வேலையை விட்டு ரெண்டு வருசம் ஆச்சு, ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. முடிஞ்சுதுன்னு அடுக்கி வெச்சிருந்த பெட்டியில ஒண்ணை எடுத்து மூடியைக் கழட்டினேன். உள்ள போர்டு மூணு திருகுல நிக்குது. நாலாவது ஓட்டை காலி. ஏங்கண்ணு இப்படின்னு கேட்டேன். மூணே கெட்டியா நிக்குதுங்கக்கான்னு சிரிச்ச மூஞ்சியோட பதில் வந்துச்சு. யார் சொன்னதுன்னு இங்க எழுதல, அவங்களுக்குத் தெரியும். எனக்கு வந்த கோவத்துக்கு அங்கேயே ஏதாவது பேசியிருப்பேன், பேசுனா அன்னிக்கு முச்சூடும் யாரும் சோறு தின்னிருக்க மாட்டீங்க. அதனால வாயை மூடிக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.

புதுசா சேர்ந்த ஆறு பேருக்கும் ஏதாவது நாலு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு உங்க மேனேஜரம்மா மூணு மாசமாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. எழுத்தெல்லாம் எனக்கு எதுக்குன்னு தட்டிக் கழிச்சிட்டிருந்தேன். இப்ப எழுதறேன். ஈயம் வெக்கறது எப்படி, வயரை எந்தப் பக்கம் ஓட்டறதுன்னு எல்லாம் எதிர்பாக்காதீங்க. அதெல்லாம் உங்களுக்கு என்னையவிட நல்லாவே தெரியும், படிச்சிட்டு வந்திருக்கீங்க. நான் எழுதப் போறது ஒரே ஒரு ஓட்டையைப் பத்தி. அதை நான்தான் காலியா விட்டேன்.

அப்ப நான் கொல்லங்கோட்டுல ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில இருந்தேன். மோட்டாருக்குக் கம்பி சுத்தியே பதினெட்டு வருசம் ஓடிருச்சு. பொம்பளை கையில கம்பி பிசகாதுன்னு மொதலாளி சொல்லிச் சொல்லியே எங்கிட்ட ரெண்டு ஆள் வேலையை வாங்குவாரு. அந்தச் சமயத்துலதான் செல்போன்ல மோட்டார் ஓட்டற பெட்டி வந்துச்சு. தோட்டத்துக்கு நடக்க வேண்டாம், இருந்த எடத்துல இருந்து போன் அடிச்சா மோட்டார் ஓடும், இன்னொரு தடவை அடிச்சா நிக்கும். கம்பெனிக்காரன் பெட்டியை வாங்க எங்க பக்கத்துக் குடியானவங்களால ஆகாது. நாமளே செஞ்சா என்னன்னு மொதலாளிகிட்ட கேட்டது நான்தான். கோயமுத்தூர்ல இருந்து சர்க்யூட் போர்டு வரும், நம்மூர் தகரக்காரர் பெட்டி அடிச்சு ஓட்டை போட்டுக் குடுப்பாரு, போர்டை உள்ள மாட்டி, வயர் இழுத்து, மூடிக் குடுக்கறது நானு. மூடியோட உள்பக்கம் பென்சில்ல ஒரு 'ச' போடுவேன். சரசு மூடுன பெட்டின்னு அர்த்தம். அதுல எனக்கு நெம்பப் பெருமை.

ஒரு தடவை கோயமுத்தூர்ல இருந்து வந்த போர்டுல நாலாவது ஓட்டை அரை விரல்கடை தள்ளி இருந்துச்சு. பெட்டியெல்லாம் பழைய அளவுக்கு ஓட்டை போட்டுப் பெயிண்ட் அடிச்சு வந்தாச்சு. பதினேழு பெட்டி. போர்டு தகரத்துல படாம இருக்கறதுக்கு அடியில பித்தளைக் கால் வெப்போம்ல, அது மூணு மூலையில ஒக்காந்துருச்சு, நாலாவது மூலையில ஒக்காரல. புதுசா ஓட்டை போட்டா ஒரு பெட்டிக்கு அஞ்சு நிமிசம் ஆகும். அந்த அஞ்சு நிமிசம் எனக்கு இல்லாம இல்ல. எவனும் என்னைய வெரட்டவும் இல்ல. இதைத் தெரிஞ்சுக்கங்க. அவசரத்துல பண்ணிட்டேன்னு சொன்னா அது பொய்.

வைண்டிங்காரங்களுக்கு லெதராய்டு அட்டைமேல ஒரு கிறுக்கு உண்டு. மோட்டாருக்குள்ள கம்பிக்கும் இரும்புக்கும் நடுவுல சொருகற அந்தப் பழுப்பு அட்டைதான். எங்க பட்டறையில மேசை ஆடுனா லெதராய்டு, ஜன்னல் அடிச்சா லெதராய்டு, கால்ல செருப்பு பெருசா இருந்தா அதுக்குள்ளயும் லெதராய்டு. பதினெட்டு வருசம் அது எங்கையை விட்டதில்ல. அட்டையை நாலா மடிச்சு, போர்டோட அந்த மூலைக்கு அடியில சொருகினேன். கிண்ணுனு நின்னுச்சு. ஆனா மோட்டாருக்குள்ள அட்டையை வெச்சா மேல வார்னிஷ் ஊத்தி அடுப்புல வேக வெப்போம், அப்பறம் அதுல ஈரம் ஏறாது. பெட்டிக்குள்ள நான் வெச்சது வார்னிஷ் காணாத, வேகாத அட்டை. அது என்ற புத்திக்கு அன்னிக்கு எட்டவே இல்ல. வைண்டிங் தெரியாத ஒருத்தி இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டா, அவகிட்ட லெதராய்டே இருந்திருக்காது.

ஒருத்தர் மட்டும் கேட்டாரு. சாமான் கடை ராவுத்தர் அண்ணன். பித்தளைக் கால் எல்லாம் அவர் கடையிலதான். அம்பத்தொண்ணு குடுங்கன்னதும் எண்ணிப் போட்டுட்டு, எத்தனை பெட்டின்னு கேட்டாரு. பதினேழுன்னேன்.

"மேசைக்கே நாலு கால் இருக்குது சரசு. உன்ற பெட்டிக்கு மூணா?"

உங்க வேலையை நீங்க பாருங்கண்ணான்னு சொல்லிப்போட்டு பொட்டணத்தை வாங்கிட்டு வந்துட்டேன். கடையில நாலு பேர் இருந்தாங்க, அவங்க முன்னாடி கேட்டுட்டாரேன்னு எரிச்சல் வேற.

எட்டு மாசம் ஒண்ணும் ஆகல. பெட்டியெல்லாம் ஓடிச்சு. அப்பறம் ஒரு நாள் மறையூர்ல இருந்து மொதலாளிக்குப் போன் வந்துச்சு.

சின்னராசுன்னு ஒரு கரும்புக்காரர் எங்க பெட்டியை வாங்கி ஓடைக்கரை மோட்டார் ரூம்புல மாட்டியிருந்தாரு. ஒரு நாள் பம்புல பெல்ட்டு கழண்டு கெடந்திருக்குது. அவரு அதை எடுத்துச் சக்கரத்துல மாட்டிக்கிட்டு இருக்கறப்ப மோட்டார் ஓடிருச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு. அந்த நேரம் அவங்க சம்சாரம் வேலம்மா மேல காட்டுல கரும்புச் சோகை உரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. போன் அவங்க இடுப்புல. பட்டன் போன், ஒரு பட்டனை அழுத்திப் புடிச்சாலே பெட்டிக்குப் போயிரும். குனிஞ்சு நிமிந்ததுல பட்டன் அமுங்கிருச்சு, நான்தான் ஓட்டிட்டேன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்களாம். சின்னராசுவோட தம்பி கோவத்துல அந்தப் போனைப் புடுங்கிப் பாறையில அடிச்சு நொறுக்கிட்டாராம். போனே இல்ல, அப்பறம் அதுல இருந்து பெட்டிக்கு அழைப்பு போச்சா போகலையான்னு யார் பாக்கறது.

மொதலாளி என்னையக் கூப்புட்டு விசயத்தைச் சொன்னாரு. அந்தம்மாவே ஒத்துக்கிச்சு, நம்ம மேல ஒண்ணுமில்ல, ஆனாலும் நம்ம பேரு கெடக் கூடாது, நீ போயி புதுப் பெட்டியை மாட்டிட்டு பழசை மூடுனபடியே எடுத்துட்டு வா, அங்க தொறக்காதேன்னாரு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அப்பாடா, நம்ம பெட்டி இல்லன்னு நெனச்சேன். ஒரு மனுசனுக்கு ரெண்டு விரல் போயிருக்குது, நான் அப்பாடான்னேன். எழுதறதுக்கே கூசுது, ஆனா நீங்க படிக்கணும்னுதான் எழுதறேன்.

பொள்ளாச்சி போயி, உடுமலை போயி, அங்க மறையூர் பஸ்சைப் புடிச்சுப் போய் எறங்கினேன். ஊர் முச்சூடும் வெல்லம் காச்சுற வாசம். சின்னராசு கையில கட்டோட கொட்டாய்க்கு முன்னாடி கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. நல்ல மனுசன், வாங்கன்னாரு. தம்பிக்காரர் பக்கத்துல நின்னாரு. வேலம்மா எங்கன்னு கேட்டேன். அக்கட்டால சோகைக் குப்பலுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை நின்னுட்டிருந்தாங்க. கிட்ட வரவே இல்ல. நடந்து பதினோரு நாள் ஆச்சு, பதினோரு நாளா புருசனுக்குக் கட்டு மாத்தறது நாத்தனார், சோறு வெக்கறது நாத்தனார். யாரும் அவங்களை வெலகிப் போன்னு சொல்லல, வான்னும் சொல்லல.

நான்தான் கிட்டப் போனேன். பெட்டிக்காரின்னு சொன்னேன். அவங்க மொதல்ல கேட்டதே இதுதான்.

"யக்கா, குனிஞ்சா போன் போயிருமா? நான் இப்படித்தேன் குனிஞ்சேன்." சொல்லிப்போட்டு, குனிஞ்சு காட்டினாங்க. இடுப்புல போன் இல்ல, வெறும் சேலை மடிப்பு. மறுபடியும் நிமிந்து, மறுபடியும் குனிஞ்சாங்க. "இப்படித்தேன். இதுக்கே போயிருமாக்கா?"

போகும்னு சொல்லியிருக்கலாம். போகலாம், போகாமயும் இருக்கலாம், எனக்கே தெரியாது. ஆனா அந்தம்மா மூணாவது தடவை குனியப் போனப்ப என்னால நிக்க முடியல. மூடுனபடியே எடுத்துட்டு வான்னு மொதலாளி சொன்னது அவரோட போகட்டும்னு, ஸ்குரு டிரைவரை எடுத்துக்கிட்டு மோட்டார் ரூம்புக்கு நடந்துட்டேன். எல்லாரும் பின்னாடியே வந்தாங்க.

மூடியைக் கழட்டுனா எறும்பு. சாரை சாரையா எறும்பு. மூடியோட உள்பக்கம், என்ற 'ச'வுக்கு மேலயே, கருப்பா ஒரு வெல்லத் துண்டு ஒட்டியிருக்குது. அந்தப் பக்கத்துல புதுசா எது வந்தாலும், கத்தியோ கொப்பரையோ மோட்டாரோ, மொதப் பாகுல ஒரு துளி எடுத்து அதுமேல வெக்கறது வழக்கமாம். பெட்டி மாட்டுன அன்னிக்கு வேலம்மாதான் வெச்சிருக்காங்க. ரூம்பு ஒழுகும், வெளிய வெச்சா மழையில போயிரும்னு உள்ள வெச்சாங்களாம்.

தம்பிக்காரருக்குப் புடி கெடைச்சிருச்சு. பாத்தீகளா, போனை அமுக்குனவளும் இவ, வெல்லம் தடவுனவளும் இவன்னு ஆரம்பிச்சாரு. அந்த நேரம் பாத்து மொதலாளி போன் பண்றாரு. தொறந்துட்டேன், எறும்பா இருக்குதுன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம்.

"எறும்பா? அப்ப அதையே சொல்லிரு சரசு. யாருக்கும் கெட்ட பேரு இல்ல பாரு."

யாருக்கும்னு அவரு சொன்னப்ப நான் வேலம்மாவைப் பாத்தேன். கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு வெல்லம் வெச்ச விரலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. போனை வெச்சிட்டேன்.

நல்லாக் கவனிங்க, இங்கதான் ஒரு வேலைக்காரிக்குப் புத்தி வேலை செய்யணும். எறும்பு இருக்குதுங்கறது நெசம். எறும்புதான் மோட்டாரை ஓட்டுச்சுங்கறது வேற. எறும்பு எல்லாம் மூடியிலதான் இருந்துச்சு, போர்டுமேல நாலஞ்சு திரிஞ்சுது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டரை இழுக்கற ரிலே நாலு பக்கமும் மூடுன நீலப் பெட்டி, ஊசி போக எடம் கெடையாது. எறும்பு எங்க போயி எதை அமுத்தும்? கண்ணுக்கு மொதல்ல பட்ட காரணத்தைக் கையில புடிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போறவங்க நம்ம தொழில்ல நெறையப் பேர். நானும் அன்னிக்கு போயிருப்பேன், அந்தம்மா அப்படிக் குனிஞ்சு காட்டாம இருந்திருந்தா.

டார்ச்சு அடிச்சு போர்டுக்கு அடியில பாத்தேன். நாலாவது மூலையில என்ற அட்டை. சொருகறப்ப கிண்ணுனு இருந்தது, இப்ப நனைஞ்ச ரொட்டி கணக்கா உப்பிக் கெடக்குது. ஓடை ஈரம், பாகு காச்சுற ஆவி, மார்கழிப் பனி எல்லாத்தையும் எட்டு மாசம் குடிச்சிருக்குது. அது ஓரத்துல மொளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. ரிலேயோட கம்பிக் காம்பு போர்டுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அது அந்த மூலையிலதான். அட்டை நமுத்து எளகினதும் காம்பு அதைத் துளைச்சு எறங்கிருக்குது. எறங்கி ஒரு தடவை தகரத்தைத் தொட்டாப் போதும், ரிலே இழுத்துரும், மோட்டார் ஓடிரும். போனும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

எனக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த ரூம்புல இருந்த யாருக்கும் அந்த அட்டை எதுக்குன்னே தெரியாது. திருகுகூடக் கழட்ட வேண்டியதில்ல, ரெண்டு விரல்ல உருவுனா வந்துரும், கைப்பைக்குள்ள போட்டுட்டா முடிஞ்சுது. எறும்பு, வெல்லம், போன், வேலம்மா. எல்லாம் சரியாப் பொருந்தி வந்திருந்துச்சு. கையை உள்ள வெச்சும் வெச்சுட்டேன். எத்தனை நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. அப்பறம் எனக்கு வந்தது கோவம்தான். யார் மேலன்னு கேக்காதீங்க, என்ற மேல, மொதலாளி மேல, அந்தத் தம்பிக்காரர் மேல, எல்லார் மேலயும். ஒருத்தி செய்யாத தப்பை ஒத்துக்கிட்டா உடனே எல்லாரும் எப்படிச் சுகமா ஒக்காந்துக்கறோம் பாருங்க.

கையை வெளிய எடுத்துட்டு சின்னராசுகிட்ட கேட்டேன், அன்னிக்கு இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு. கரும்பு ஆலை ஓடிக்கிட்டிருந்துச்சுன்னாரு. ஆலை ஓடுனா சொவரே அதிரும். இப்ப ஓட்டச் சொல்லுங்கன்னேன். மோட்டார் வயரைக் கழட்டித் தனியாப் போட்டேன், பெட்டிக்கும் ஸ்டார்ட்டருக்கும் மட்டும் கரண்டு குடுத்தேன். அப்பறம் பெட்டியில இருந்த சிம்மைக் கழட்டினேன். சிம் இல்லாட்டி எந்தப் போனும் இதுக்கு வராதுன்னு தம்பிக்காரருக்கு ரெண்டு தடவை சொல்லி, தலையாட்ட வெச்சேன். வேலம்மாவை உள்ள கூப்புட்டேன். வரமாட்டேன்னாங்க. கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, சிம்மை அவங்க உள்ளங்கையில வெச்சு மூடினேன். இறுக்கிப் புடிச்சுக்கங்கன்னேன்.

ஆலை ஓடிச்சு. சொவர் அதிருது, பெட்டி அதிருது. ஒண்ணும் ஆகல. சித்தெ நேரம் போச்சு. தம்பிக்காரர் தொண்டையைக் கனைச்சாரு. இன்னும் போச்சு. இவ என்னமோ வித்தை காட்ட வந்திருக்கான்னு அவரு மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. அவங்க அடுத்த கட்டுக் கரும்பை ஆலையில விட்டாங்க, சொவர் ஒரு குலுக்கு குலுங்குச்சு.

டிக்னு ரிலே இழுத்துச்சு. டமார்னு ஸ்டார்ட்டர் புடிச்சுது.

சின்னராசு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு. மோட்டார் வயர் கழண்டு கெடக்குதுன்னு அவருக்கும் தெரியும், ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் கட்டுப் போட்ட கையை நெஞ்சோட சேத்துக்கிட்டாரு. கரண்டை அணைச்சேன். அட்டையை உருவி எடுத்து எல்லாருக்கும் முன்னால புடிச்சேன்.

"இது நான் வெச்ச அட்டை. ஓட்டை போடச் சோம்பல்பட்டுக்கிட்டு வெச்சது. எறும்பு ஒண்ணும் பண்ணல, அந்தம்மாவும் எதையும் அமுத்தல. உங்க வெரலை எடுத்தது நானு."

வேலம்மா மெதுவா கையைத் தொறந்து பாத்தாங்க. சிம் அங்கயே இருக்குது.

"அப்ப நான் இல்லையா?"

நீங்க இல்லன்னேன். மறுபடியும் கேட்டாங்க. மறுபடியும் சொன்னேன். மூணாவது தடவையும் கேட்டாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன், அழல. என்னைய ரெண்டு வெப்பாங்கன்னு நெனச்சேன், வெச்சிருந்தா வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். என்ற பக்கம் அவங்க திரும்பவே இல்ல. கொழுந்தனார் பக்கம் திரும்பினாங்க.

"எம் போனை ஒடைச்சீகள்ல. வாங்கிக் குடுங்க."

அந்தக் கொரலு இன்னும் எனக்குள்ள இருக்குது. பதினோரு நாள் அந்தக் கொரலை எங்க வெச்சிருந்தாங்களோ தெரியல. அப்பத்தான் சின்னராசு வாயைத் தொறந்து, மெயினை நாந்தேன் அணைக்காமக் கையை வெச்சேன்னு சொன்னாரு. அதையும் பதினோரு நாளா அவரு சொல்லல. சொன்னா நம்ம தப்பு ஆயிரும்னு இருந்துட்டேன்னாரு. ஆமா, மெயினை அணைக்கணும், அது அவரு தப்புதான். ஆனா அணைக்காத மனுசனையும் நம்ம பெட்டி கடிக்கக் கூடாது. அதுக்குத்தான் நம்மளை நம்பி வாங்கறாங்க. வேலம்மா அவரு பக்கத்துல போயி ஒக்காந்து, நாத்தனார் கட்டியிருந்த கட்டை அவுத்து, தானே புதுசாக் கட்டினாங்க. நான் புதுப் பெட்டியை வெளிய எடுத்தேன். அதை இங்க மாட்டாதீக, ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு தலையைத் தூக்காமயே சொல்லிட்டாங்க.

ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கிட்டு வந்தேன். சின்னாறு செக்போஸ்ட்டுல சந்தனக்கட்டை இருக்குதான்னு பையைத் தொறக்கச் சொன்னாங்க, பெட்டியையும் தொறக்கச் சொன்னாங்க. தொறந்து காட்டினேன். அன்னிக்கு அது எனக்குப் பழகிப் போச்சு.

மொதலாளி என்னைய நிக்க வெச்சுக் கத்தினாரு. தானா ஒத்துக்கிட்ட பொம்பளை இருக்கறப்ப நீ எதுக்குக் குறுக்க போயி விழுந்தேன்னு கேட்டாரு. கத்தட்டும்னு விட்டுட்டு, மீதி பதினாறு பெட்டி எங்கெங்க இருக்குதுன்னு சீட்டு எழுத ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் தொறந்து ஓட்டை போட்டுக் கால் வெக்கணும்னேன். நாமளே போயி தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் பெட்டி வாங்குவான்னாரு. சொல்லாட்டி அடுத்தது யாரு கைன்னு கேட்டேன். பட்டறை நேரத்துல போகக் கூடாதுன்னாரு. ஞாயித்துக்கெழமை எனக்குச் சொந்தம், அதுல போறேன்னுட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லணும், சின்னராசு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவரு கடைசியில இல்லன்னு சொல்லல. பயந்த மனுசன், பொல்லாத மனுசன் இல்ல.

மறுநாள் காலையில ராவுத்தர் அண்ணன் கடையில போயி நின்னேன். பித்தளைக் கால் பதினேழு வேணும்னேன். கடையில அன்னிக்கும் நாலு பேர் இருந்தாங்க. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். எதுக்குன்னு அவரு கேட்டாரு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னேன். அவரு சிரிக்கல, அன்னிக்கே சொன்னேன்லன்னு சொல்லிக் காட்டவும் இல்ல. பதினேழை எண்ணிப் போட்டுட்டு, மேல மூணு போட்டாரு. பஸ்சுல கீழ விழுந்து தொலையும், வெச்சுக்கன்னாரு. கைத் துரப்பணம் ஒண்ணையும் கடனாக் குடுத்தாரு.

பத்து ஞாயித்துக்கெழமை ஆச்சு. முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம்னு எங்கெல்லாம் பெட்டி போயிருந்துச்சோ அங்கெல்லாம் போனேன். நல்லா ஓடற பெட்டியை எதுக்குத் தொறக்கறேன்னு கேக்காத ஆள் கெடையாது. என்ற தப்பு உள்ள இருக்குது, எடுத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லுவேன். சில பேர் காப்பி குடுத்தாங்க, சில பேர் வாயில வந்தபடி பேசினாங்க. ஆனைகட்டியில ஒரு கவுண்டர் பெட்டியைத் தொட விடவே இல்ல. பியூஸ் கட்டையைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு அவரு மோட்டார் ரூம்பு வாசல்லயே ஒக்காந்துட்டேன். தொறக்க விட்டாத்தான் பியூஸ் வருமுங்கன்னேன். மத்தியானம் வரைக்கும் மொறைச்சுப் பாத்துட்டு, அப்பறம் பண்ணித் தொலைன்னாரு. அவரு பெட்டியில அட்டை கருகி ஓட்டையே விழுந்திருந்துச்சு. அவரு மக அன்னிக்குக் காலையில அந்தப் பம்புல பாசி கழுவியிருக்குது. அட்டையைக் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு உள்ள போனாரு.

மொதலாளிக்கும் எனக்கும் அதுக்கப்பறம் ஒத்து வரல. மூடுன பெட்டியைத் தொறக்கற கை எனக்கு வேண்டாம்னாரு. தொறக்க விடாத பட்டறை எனக்கும் வேண்டாமுங்கன்னு சொல்லிப்போட்டு வெளிய வந்தேன். ராவுத்தர் அண்ணன் கடைக்குப் பின்னால ஒரு மேசை போட்டுக் குடுத்தாரு. நீங்க இன்னிக்கு வேலை பாக்கற பட்டறை அந்த மேசையில இருந்து வந்ததுதான். அதனாலதான் இங்க மூடியில பேர் எழுதறோம், அதனாலதான் முடிஞ்ச பெட்டியை யார் வேணும்னாலும் கழட்டிப் பாக்கலாம். சந்தேகப்படறாங்கன்னு யாரும் மூஞ்சியைத் தூக்கக் கூடாது. தப்பு பண்ணாதீங்கன்னு நான் சொல்ல வரல, பண்ணுவீங்க. ஆனா அடுத்தவங்க தலையில அது ஒக்காந்திருக்கறதைப் பாத்துக்கிட்டு மூடியை முடுக்கிட்டு வந்தீங்கன்னா, எனக்கு வயசாச்சுன்னு பாக்க மாட்டேன், பட்டறைக்கே வந்து பேசுவேன்.

அடுத்த வருசம் கரும்பு நட்ட சமயத்துல, தெரியாத நம்பர்ல இருந்து எனக்கு ஒரு போன் வந்துச்சு. யாருங்கன்னேன். யக்கா, வேலம்மா பேசுதேன், பெட்டி ஒண்ணு கொண்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாங்க.

எடுத்துட்டுப் போனேன். மூடியைக் கழட்டி எங்கிட்டக் காட்டுங்கன்னாங்க. ஒவ்வொரு திருகு மேலயும் விரலை வெச்சு நாலையும் எண்ணினாங்க. போர்டோட நாலு மூலையையும் புடிச்சு ஆட்டிப் பாத்தாங்க. ஆடல. அப்பறம் ஒரு துளி பாகைத் தொட்டு மூடிமேல வெச்சாங்க, இந்தத் தடவை வெளிப்பக்கம். நான் பெட்டியை மாட்டி முடிச்சேன். சின்னராசு பம்பை விட்டு நாலு அடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டு, மேல பாத்துக் கையை ஆட்டினாரு, மூணு விரலோட.

வேலம்மா மேல காட்டுல நின்னுட்டிருந்தாங்க. கையில புதுப் போன், தம்பிக்காரர் வாங்கிக் குடுத்தது. கட்டை விரலைப் பட்டன்மேல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னாங்க. அப்பறம் அமுத்தினாங்க. மோட்டார் ஓடிச்சு, வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. தண்ணி பாத்தி வரைக்கும் போறதைப் பாத்துட்டு, அந்தம்மா போனை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, குனிஞ்சு களை எடுக்க ஆரம்பிச்சாங்க.